தேக்கு என்று சொன்ன பெட்டி

நண்பா,

இதை எழுதும் மேசையில் அந்தப் பெட்டி இருக்கிறது. மரம்போல் தோன்ற நான் ஒட்டிய மரக்கோலத் தாள் பாதி உரிந்து தொங்குகிறது. அடியில் சிவப்புத் தகரமும், அதன்மேல் பொன்னிற முழுநிலவும் தெரிகின்றன.

சென்ற சனிக்கிழமை வரை அது உன் வீட்டில், உன் வானொலிக்கும் கணினிக்கும் நடுவில், நீ வைத்த இடத்திலேயே இருந்தது. நீ போய் ஐந்து மாதமாகிறது. உன் கருவிகளைக் கட்டி எடுத்துப் போகும்படி உன் மனைவி மல்லிகா கேட்டிருந்தார். பண்டார் தெங்காராவின் வெயில் சன்னல் வழியே விழுந்து விழுந்து, தாளின் ஒரு மூலை பிடிவிட்டுச் சுருண்டிருந்தது. சுருளை இழுத்தேன். தகரம் பளிச்சிட்டது. பக்கத்தில் உன் மின்னளவி கிடந்தது. காரணம் சொல்லத் தெரியாத ஓர் அச்சத்தோடு, அதன் ஒரு முனையை வானொலிப் பக்கத்துத் துளையின் விளிம்பிலும், மறுமுனையைக் கணினிப் பக்கத்துத் துளையின் விளிம்பிலும் வைத்தேன். அளவி கூவியது. இரு முனைகளுக்கும் நடுவில் மின்தொடர்பு இருந்தால்தான் அது கூவும்.

கூவக் கூடாது. அந்தப் பெட்டி செய்யப்பட்டதே அது கூவாதிருப்பதற்காகத்தான்.

அடுக்களையிலிருந்து மல்லிகா குரல் கொடுத்தார். "ஏதோ சத்தம் கேட்டுச்சே அண்ணே. இன்னும் வேல செய்யுதா அது?"

பகலில் காப்புறுதி விற்று, மாலையில் மேடையேறி, முப்பதாண்டுகளாகப் பேசியே வாழ்ந்தவன், அளவியை அணைத்துவிட்டு உன் கணினியைத் திறந்தேன்.

உன்னை நான் முதன்முதலாகக் கண்டதும் ஓர் உறுமலால்தான். கூலாய்க் கோயில் மண்டபத்தில் என் பேச்சு. செனாய்த் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவனான நீ, விழாவுக்கு ஒலியமைத்துக் கொடுக்க வந்திருந்தாய். மங்கல இசைக்காக யாரோ மடிக்கணினியைக் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் செருகியதும், மண்டபம் முழுவதும் எருமை உறுமுவதுபோல் ஓர் ஒலி. நான் அவையடக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். நீ மேடையேறி வந்து என் முன்னாலிருந்த ஒலிவாங்கியை அணைத்தாய்.

"புலவரே, கொஞ்சம் இருங்க லா. நீங்க பேசுறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர் பேசிக்கிட்டு இருக்கு."

அவை சிரித்தது. எனக்குச் சினம். நீயோ காற்சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு சிறு பொருளை எடுத்து இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பொருத்தினாய். உறுமல் அறுந்தது. விழா முடிந்து தேநீர் குடிக்கையில் அது என்ன மாயம் என்று கேட்டேன்.

"மாயம் இல்ல. லேப்டாப்புக்கு ஒரு எர்த்து, ஆம்ப்ளிக்கு ஒரு எர்த்து. ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்காது. நடுவுல ஒயர் போட்டு முடிஞ்சோம்னா, அந்த வித்தியாசம் ஒயர் வழியா ஓடும். அதான் உறுமுது. நான் வச்சது சின்ன டிரான்ஸ்ஃபார்மர். உள்ள ரெண்டு கம்பிச் சுருள், ஒண்ணை ஒண்ணு தொடாது. சத்தம் மட்டும் தாண்டிப் போவும், எர்த்து தாண்டாது."

"மின்மாற்றி" என்று திருத்தினேன்.

"மின்மாற்றி வேணும்னு கேட்டுப் பாருங்க, கடைக்காரன் உங்களைத் தூக்கி வெளிய வைப்பான்."

அப்படித் தொடங்கிய நட்பு நமது. அடுத்த மாதமே அந்த மின்மாற்றியை நான் மேடையில் உவமையாக்கினேன். முன்வரிசையில் இருந்த நீ தலையில் அடித்துக்கொண்டாய். உவமை எனக்கு விளங்கியிருந்தது, பொருள் விளங்கவில்லை. அதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

மாலை ஐந்தரை மணி உன் நேரம். தொழிற்சாலையிலிருந்து வந்து, குளித்து, ஒலிவாங்கியின் முன் அமர்வாய். வீட்டுக்குப் பின்னே இரும்புக் கம்பத்திலிருந்து செம்பனை ஓரம்வரை நீ இழுத்துக் கட்டிய கம்பி வழியே உன் குரல் போகும். பொந்தியானிலிருந்து சேவியர் விடை தருவார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், உன்னைவிட மூத்தவர், உன்னைப் போலவே உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர். அவருடன் இன்னும் இரண்டு மூன்று பேர். மழையைப் பற்றிப் பேசுவீர்கள், மீன் விலையைப் பற்றிப் பேசுவீர்கள், ஒன்றுமில்லாததைப் பற்றி அரைமணி நேரம் பேசுவீர்கள். கைப்பேசியில் பேசக் கூடாதா என்று நான் கேட்டதுண்டு. "போன்ல பேசுனா எதுக்குப் பேசுறோம்னு ஒரு காரணம் வேணும். இங்க அது வேணாம்" என்றாய்.

பிறகு உன் தொண்டையில் அது வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். மருந்து ஏற்றி ஏற்றி உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. தேநீர்க் குவளையைப் பிடித்துக் கொப்புளம் வந்தபிறகுதான் மல்லிகா அதைக் கண்டார். கழுத்தில் துளையோடும் கையில் ஒரு வெண்பலகையோடும் நீ வீடு திரும்பினாய். சேவியர் என்னை அழைத்து உன்னைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். நான் உன் பேச்சாளனாக என்னை நானே அமர்த்திக்கொண்டேன். "அவன் ஓய்வெடுக்கட்டும். தொலைபேசியில் தொல்லை தரவேண்டாம். ஆயத்தமானதும் அவனே உங்களை அழைப்பான்" என்றேன். அவர் நல்ல மனிதர். சொன்னதைக் கேட்டார்.

நீ வெண்பலகையில் எழுதிக் காட்டிய திட்டம் எனக்கு நினைவிருக்கிறது. கணினியில் தட்டச்சு செய்தால் ஒலி அட்டை அந்த எழுத்துகளை ஒரு மெல்லிய கீச்சொலியாக்கும். அந்த ஒலியை வானொலிக்குக் கொடுத்தால் அது அலையாகப் போகும். பொந்தியானில் சேவியரின் கணினி அதை மீண்டும் எழுத்தாக்கும். சேவியரும் மற்றவர்களும் மாலைகளில் அப்படியும் எழுதிப் பேசிக்கொள்வதுண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குத் தமிழெழுத்து ஒத்துவராது, உரோமன் எழுத்தில்தான் தமிழைத் தட்ட வேண்டும் என்று எழுதினாய். நான் கொதித்தெழுந்தேன். தமிழை வேற்றெழுத்தில் எழுதுவது தாயை மாற்றுடையில் அனுப்புவது என்றெல்லாம் உன் படுக்கையருகே நின்று முழங்கினேன். நீ பொறுமையாகப் பலகையை அழித்துவிட்டு எழுதினாய்.

"குரல் போச்சு. எழுத்தையும் புடுங்காதீங்க."

அதைப் படித்ததும், கணினியையும் வானொலியையும் சேர்க்கும் இணைப்புப் பெட்டியை நானே செய்து தருவதாகச் சொன்னேன். மரத்த விரல்களோடு உன்னால் கம்பிகளைப் பற்றவைக்க இயலாது. நீ தாளில் படம் வரைந்தாய். இடப்பக்கம் கணினி, வலப்பக்கம் வானொலி. நடுவில் சிவப்பு மையால் மேலிருந்து கீழ்வரை ஒரு தடித்த கோடு. ஒலி போக ஒரு மின்மாற்றி, வர ஒன்று. வானொலியை அலைபரப்பச் சொல்லும் கட்டளைக்கு, உள்ளே ஒளி எரிந்து எதிர்ப்புறம் அதைக் கண்டுகொள்ளும் ஒரு சிறு சில்லு. இந்த மூன்று மட்டுமே கோட்டின்மேல் அமரலாம். வேறெந்தக் கம்பியும் கோட்டைக் கடக்கலாகாது. அடியில் எழுதினாய்: "ரெண்டு எர்த்தும் எங்கயும் சேரக் கூடாது. சவுக்கார டப்பா போதும்."

நான் இரண்டு வாரம் உழைத்தேன். கையைச் சுட்டுக்கொண்டேன். படத்திலிருந்து ஓர் இழையும் பிறழவில்லை. ஆனால் அந்தச் சவர்க்கார டப்பா என் கண்ணை உறுத்தியது. என் நண்பனின் புதுக்குரல் பத்துக் காசு நெகிழிக்குள்ளா குடியிருப்பது? வீட்டில், சீனர்களின் நிலா விழாவுக்கு வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த மூன்கேக் தகரப் பெட்டி இருந்தது. அதில் துளையிட்டு, இரு பக்கமும் உலோகச் செருகுவாய்களை இறுகத் திருகினேன். தகரம் கண்ணுக்குத் தெரியாதிருக்க, கட்டடப் பொருள் கடையில் வாங்கிய மரக்கோலத் தாளைச் சுற்றிலும் ஒட்டினேன். அழகாக இருந்தது. மேடையில் வைத்துப் பரிசளிக்கலாம் போலிருந்தது.

நீ அதைக் கையில் வாங்கித் தடவினாய். உன் விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்துவிட்டு எழுதினாய்.

"மரமா?"

"தேக்கு" என்றேன்.

ஒரே ஒரு சொல். உன் முகத்தில் மகிழ்ச்சியைப் பார்க்கும் ஆசையில் சொன்ன சொல். நீ சிரித்தாய், ஒலியில்லாத சிரிப்பு. பிறகு "படம் மாதிரியே செஞ்சீங்களா?" என்று எழுதினாய். அதற்கு 'ஆமாம்' என்று நான் சொன்ன விடை உண்மை. கம்பிகள் எதுவும் கோட்டைக் கடக்கவில்லை. பெட்டியே கடந்திருந்தது. இரு பக்கத்துச் செருகுவாய்களும் ஒரே தகரத்தைக் கடித்துக்கொண்டு, நீ எர்த்து என்று எழுதிப் பிரிக்கச் சொன்ன இரண்டு தரைகளையும் ஒன்றாக்கிவிட்டன. மரமென்று நம்பியதால் நீ அதை ஐயுறவில்லை.

அடுத்த நாளே நான் வடக்கே கிளம்பினேன். ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று நான்கு வாரம் மேடை. உன் செய்திகள் கைப்பேசியில் புலனம் வழியே வந்தன. அவற்றை நான் அழிக்கவில்லை. இப்போது மனப்பாடமாகவே தெரியும்.

"நான் படிக்கிறேன் புலவரே. அவங்க எழுதறது எல்லாம் தெளிவா வருது. நான் கூப்பிட்டா யாரும் பதில் போடல."

இரண்டு நாள் கழித்து: "நான் வந்ததும் எல்லாரும் வேற அலைவரிசைக்குப் போயிடறாங்க. பின்னாடியே போனா அங்கேருந்தும் போயிடறாங்க."

அதன்பின்: "என் சிக்னல் ரோசாக்கா இருக்கோ? பெட்டியில ஏதாச்சும்?"

ரோசாக் என்றால் கெட்டுப்போனது. நீ சரியான இடத்தைத் தொட்டிருந்தாய். அன்று நான் தைப்பிங்கில் கைதட்டல் வாங்கிய களிப்பில் இருந்தேன். நான் எழுதியது: "பெட்டியில் குறையில்லை. குறை மனிதரிடம். விழுந்தவனை விட்டு விலகுவதே உலகத்தின் இயல்பு." அதற்கும் மேலே போய், குரல்பதிவாகவும் அனுப்பினேன். மூன்று மணித்துளி. உன் நண்பர்களை நன்றி கொன்றவர்கள் என்றேன், நோயாளியின் நிழலுக்கு அஞ்சுபவர்கள் என்றேன். நல்ல உரை அது. எதுகை தப்பவில்லை. நீ அதை நம்பினாய். சேவியருக்குக் கைப்பேசியில் ஒரு வரி கேட்டிருந்தால் எல்லாம் வெளிவந்திருக்கும். ஆனால் உன்னை ஒதுக்குகிறவர்களிடம் போய் ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்கும் ஆளல்ல நீ. நான் அனுப்பிய உரைக்கு ஒரு சொல்லில் விடை வந்தது: "சரி."

நான் திரும்புவதற்கு ஆறு நாள் இருக்கையில் உனக்குக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. இரண்டே நாளில் நீ போய்விட்டாய். நான் மேடைகளை விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

உன் வீட்டு வாயிலில் அன்று நடந்ததை நீ அறியமாட்டாய். சேவியர் மாலையோடு வந்தார். மல்லிகா வழியை மறித்து நின்றார்.

"இப்ப எதுக்கு வந்தீங்க? இருபத்திரண்டு நாளு கூப்பிட்டாரு. தட்டித் தட்டி விரலு வீங்கிப் போச்சு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இருக்கேன்னு சொன்னீங்களா?"

"எனக்கு ஒண்ணும் வரலம்மா. சத்தியமா."

"வராது. எப்படி வரும்."

அவர் வெயிலில் நின்றார். கடைசிவரை உள்ளே வரவில்லை. மாலையை இரும்புக் கதவில் மாட்டிவிட்டுத் தெருவோரம் போய் நின்றுகொண்டார். அதன்பின் நான் இரங்கலுரை ஆற்றினேன். "அழைத்தபோது ஓடியவர்கள், அழும்போது வந்திருக்கிறார்கள்" என்று அவரைப் பார்த்தே சொன்னேன். கூட்டம் திரும்பி அவரைப் பார்த்தது.

இப்போது தெரிந்துகொள், நண்பா. தரைகள் இரண்டும் ஒன்றானதால், நீ அலைபரப்பும்போதெல்லாம் அதன் ஆற்றலில் ஒரு பங்கு தகரத்தின் வழியே கணினிக்குள் புகுந்தது. கணினி எழுப்பிய மெல்லிய கீச்சொலியைச் சிதைத்தது. சிதைந்த அந்த ஒலியே மறுபடியும் அலையாகப் போனது. வந்தவை தெளிவாக வந்தன. போனவை மட்டும் குப்பையாகப் போயின. எப்படி என்று செனாயில் உன்னோடு வேலை செய்தவரிடம் பெட்டியைக் காட்டிக் கேட்டேன். திறந்து பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "பாத்து செஞ்சிருக்காங்க, சுத்தமான வேல. ஏன் லா தகரத்துல போட்டாங்க?"

அந்தச் சனிக்கிழமைக்கே வருகிறேன். அளவி கூவிய பிறகு உன் கணினியைத் திறந்தேன். நீ அனுப்பியவை அனைத்தையும் அது நாள்வாரியாகச் சேர்த்து வைத்திருந்தது. படித்தேன். உரோமன் எழுத்தில் இருந்த உன் தமிழை உதடசைத்துப் படித்தேன். படித்து முடித்து அடுக்களைக்குப் போனேன். மேடைத்தமிழ் என் வாயில் வரவில்லை.

"மல்லிகா, தப்பு என்னோடது மா. அந்தப் பெட்டி மரம் இல்ல. தகரம். அவன் அனுப்புனது எதுவும் யாருக்கும் போய்ச் சேரல. அவங்க விட்டுட்டு ஓடல."

அவர் அடுப்பை அணைத்தார். விளக்கிச் சொன்னேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரு உங்ககிட்ட கேட்டாரு தானே? பலகைய நான்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன். மரமான்னு கேட்டாரு."

"கேட்டான்."

"நீங்க தேக்குன்னீங்க."

"ஆமா."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அந்த மனுசன வெயில்ல நிக்க வச்சேன் அண்ணே. மாலையும் கையுமா" என்றார். பிறகு, "நீங்களே போயி சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. நான் வரல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது."

ஞாயிறு பிற்பகல் பொந்தியானுக்குப் போனேன். சேவியர் தேவாலயத்திலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் வாசலில் அமர்ந்திருந்தார். இழவு வீட்டில் அவரைச் சொல்லால் சுட்டவன் நான். அவரோ எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்க, உக்காருங்க. கோப்பி குடிப்பீங்க தானே?"

நின்றபடியே சொல்லி முடித்தேன். தேக்கு என்று சொன்னதையும் சொன்னேன், தைப்பிங்கிலிருந்து அனுப்பிய உரையையும் சொன்னேன். முடிவில் அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"எத்தன மணிக்குக் கூப்பிடுவான்?"

"ஐந்தரைக்கு."

கையிலிருந்த குவளையைத் தரையில் வைத்தார்.

"அது வரும். தெனமும் வரும். பர்ர்ருனு, திரை பூரா துடைப்பத்தால இழுத்த மாதிரி. எவனோ மட்டமான சார்ஜர வாங்கி மாட்டியிருக்கான்னு பேசிக்குவோம். நாங்க தள்ளிப் போவோம், அங்கயும் வந்துடும். நான் திட்டியிருக்கேன்யா. வாய் விட்டுத் திட்டியிருக்கேன்." பிறகு, "அதுல என்ன எழுதியிருந்தான்?" என்றார்.

அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். படித்தேன். ஏற்ற இறக்கம் சேர்க்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில்கூட நிறுத்தாமல், ஒரு பட்டியலைப் படிப்பதுபோல் படித்தேன். என் வாழ்நாளில் ஆற்றிய உரைகளில் எனக்குச் சொந்தமில்லாத ஒரே உரை அது.

"சேவியரண்ணே, நாந்தான். குரல் போயிடுச்சு, ஆளு இருக்கேன். கேக்குதா?" இது முதல் நாள்.

"இன்னிக்குக் கஞ்சி எறங்குச்சு. மல்லிகா சிரிச்சா. யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு வந்தேன்." இது ஆறாம் நாள்.

"எடம் மாத்திட்டீங்க போல. பரவால்ல. மழையா அங்க?" இது பத்தாம் நாள்.

என் குரல்பதிவு உனக்கு வந்துசேர்ந்த மறுநாள் நீ யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. கடைசி நாள் இருந்தது ஒரு வரி: "நீங்க பேசுங்கண்ணே. நான் தள்ளி நின்னு படிச்சிக்கிறேன்."

சேவியர் தெருவைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். பிறகு, என்னிடம் சொல்வதா தமக்கே சொல்லிக்கொள்வதா என்று தெரியாத குரலில் சொன்னார்.

"ஒரு நாளு அது வரல. மறுநாளும் வரல. அப்பாடான்னு இருந்துச்சு."

உன் இறப்பு உன் நண்பரை வந்தடைந்தது அப்படித்தான். ஒரு நிம்மதியாக. சாவுச்செய்தி அவர் காதுக்கு வருவதற்கு முன்பே அந்த நிம்மதி வந்துவிட்டது. அதை அவர் மனத்தில் வைத்தது நான்.

வீடு திரும்பும் வழியில் மல்லிகா அழைத்தார். "என்ன சொன்னாரு அண்ணே?"

"வருத்தப்பட்டாரு" என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல மா. ஒரு நாள் வீட்டுக்கு வர்றேன்னாரு."

வருவதாக அவர் சொன்னது உண்மை. வேறொன்றும் சொல்லவில்லை என்பது உண்மையன்று. அந்த 'அப்பாடா'வை மல்லிகாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க என்னால் இயலவில்லை. சேவியரிடமே விட்டுவரவும் இயலவில்லை. அது என்னோடு வந்துவிட்டது. உன்னிடம் மட்டும் ஒருமுறை உண்மையைச் சொல்லவேண்டும் என்றே இதை எழுதினேன். எழுதிய பிறகும் அது என்னிடம்தான் இருக்கிறது.